கோர்பின் டேட்லாக்கின் வலது கை

அமெரிக்கக் கால்பந்தில் கோர்பின் டேட்லாக் கல்லூரிக்காக ஆடியது மொத்தம் நான்கே ஆட்டங்கள். அதுவும் பந்தை எறிய வேண்டிய முதல் குவார்ட்டர்பேக்குக்குக் காறை எலும்பு உடைந்து, இரண்டாமவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, வேறு நாதியில்லாமல் இவனை இறக்கிவிட்டார்கள். நான்கில் இரண்டு ஆட்டங்களில் மழை. மூன்றாவதில் பாதி நேரம் பந்து கையில் நிற்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றில், எதிரணி ஏற்கெனவே ஜெயித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் யோசனையில் இருந்தபோது, இவன் மூன்று பந்துகளை அழகாக எறிந்தான். அந்த மூன்று பந்துகளுக்காக ஹாலோரன் ஹாமர்ஸ் கிளப் அவனுக்கு ஆறு வருடத்துக்கு எழுபத்திரண்டு மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது.

யாருக்கும் தலை சுற்றவில்லை, அவனுக்கு மட்டும் சுற்றியது. கிளப்பின் பொது மேலாளர் வெண்டல் பிக்கெட் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார். வெள்ளி முடி, வழுவழுப்பான குரல், கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரப் பிறந்த முகம்.

"நாப்பது ஆட்டம் ஆடினவன்கிட்ட நாப்பது குறை இருக்கும். இந்தத் தம்பிகிட்ட ஒரு குறைகூட இல்ல. தேடிப் பாத்துட்டோம். தேடிப் பாக்குறதுக்கே ஒண்ணும் கிடைக்கல," என்றார்.

எவ்வளவு தூரம் எறிவான் என்று ஒரு நிருபர் கேட்டார். அதையெல்லாம் எறிய வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று பிக்கெட் வருத்தப்பட்டார். பிறகு மேடையிலேயே எஃகு அளவுகோலைக் கொண்டுவரச் சொல்லி, கோர்பினின் வலது கையை விரித்துப் பிடித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை மூன்று பேர் அளந்தார்கள். பத்தங்குலத்துக்கு மேல் ஒரு நூல். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. விரித்த கையை எப்போது மடக்கலாம் என்று தெரியாமல் கோர்பின் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்தான். நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா, எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். தனக்கு ஆட வருமா வராதா என்று தனக்கே தெரியவில்லை என்று அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"இதுல என்னடா யோசனை? போயி எறிஞ்சு பாரு. தெரிஞ்சிடும்," என்றாள் அம்மா.

எறிந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. நல்லவனோ மட்டமானவனோ, எதுவாக இருந்தாலும் சரி, அது தெரிய வேண்டும். தெரியாமல் இத்தனை பணத்தை வாங்கிக்கொண்டு நடமாடுவது அவனுக்கு அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதுபோலக் கூச்சமாக இருந்தது.

ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்கியது. எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் சிவப்பு. சிவப்புச் சட்டைக்காரனைப் பயிற்சியில் யாரும் தொடக்கூடாது. இது எல்லா கிளப்பிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஹாமர்ஸ் எதையும் பாதியோடு விடும் கிளப் இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் சிவப்புச் சட்டை போடச் சொன்னார்கள். பிறகு பார்க்கிங்கில். பிறகு வீட்டில். வீட்டில் தன்னை யார் வந்து இடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று கோர்பின் கேட்டான். முன்னெச்சரிக்கை என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

புது ஆட்டக்காரன் பழைய ஆட்டக்காரர்களுக்குக் காலையில் டோனட் வாங்கி வர வேண்டும், அவர்களுடைய தோள்கவசங்களைச் சுமக்க வேண்டும். அது பரம்பரை வழக்கம். கோர்பின் மூன்று டஜன் டோனட் பெட்டியோடு முதல் நாள் வந்தபோது வாசலிலேயே கிளப் வக்கீல் மறித்துக்கொண்டார். பெயர் நைல்ஸ். ஒல்லியான மனிதர், எந்நேரமும் அக்குளில் ஒரு சாம்பல்நிறக் கோப்பு. பெட்டியின் எடை என்ன என்று கேட்டார். பிறகு தானே வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். அந்த வருடம் முழுக்க ஹாமர்ஸ் அணிக்கு டோனட் சுமந்தவர், மணிக்கு நானூறு டாலர் வாங்கும் ஒரு வக்கீல்.

"வாடா பேங்க்கு. உனக்கு முன்னாடி பூட்டு வருதா, பின்னாடி வருதா?" என்றான் டீக்.

டீக் ஃபான்டனோ லூசியானாக்காரன். அணியின் சென்டர். குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, குவார்ட்டர்பேக்கின் மேல் பாய வருகிறவர்களைத் தன் முந்நூற்று இருபது பவுண்டு உடம்பால் மறித்துப் போடுவது அவன் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறான். அவன் கேலிக்கு மட்டும் கோர்பின் மனம்விட்டுச் சிரித்தான்.

அந்தக் கைக்காகவே ஒரு கமிட்டி இருந்தது. பிக்கெட், நைல்ஸ், டாக்டர் ஃபென்விக் என்று மூன்று பேர். தினமும் காலை ஏழரைக்குக் கூடுவார்கள். கை வந்து மேஜைமேல் கிடக்கும். கோர்பின் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு எறியும் தோளில் ஒரு துளி தேய்மானம் என்று டாக்டர் வரைபடம் போட்டுக் காட்டினார். தினம் அறுபது எறி இருபதானது. இருபது ஆறானது. ஆகஸ்ட் பாதியில் பிக்கெட் ஒரு நாள் யோசனையாக எழுந்து நின்று, எறியாத கைக்குத் தேய்மானம் எவ்வளவு என்று கேட்டார். பூஜ்யம் என்றார் டாக்டர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கோர்பின் பந்தில்லாமல் எறிந்தான். வெறுங்கையை ஓங்கி, வீசி, நிறுத்த வேண்டும். எதிரே பந்து பிடிப்பவர்கள் ஓடிப் போய் வெறும் காற்றை அணைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். பயிற்சியாளர் கையில் ஏட்டோடு குறித்துக்கொண்டே இருப்பார்.

"அருமை. இன்னைக்கு ஒண்ணுகூடக் கீழ விழல," என்பார் மாலையில். கேலி செய்கிறாரோ என்று கோர்பின் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். இல்லை, மனிதர் மனதாரத்தான் சொன்னார்.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. களத்தில் இறங்கியவன் கஸ் லோமாக்ஸ், முப்பத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். கோர்பின் ஓரத்தில் நின்றான். ஹாமர்ஸ் முதல் ஆட்டத்தில் தோற்றது. இரண்டாவதிலும் தோற்றது. ஊருக்குள் கோபம் ஏற ஏற, கோர்பினின் புகழ் ஏறியது. பாவம் லோமாக்ஸ் தவறவிட்ட ஒவ்வொரு பந்தையும் கோர்பின் எறிந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று தொலைக்காட்சியில் கோடு போட்டுக் காட்டினார்கள். கோடுகள் எல்லாம் நேராகப் போயின. மதுக்கடைகளில் அவனுடைய ஏழாம் எண் சட்டை இல்லாதவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் கையின் படம் மட்டும் நாற்பது அடி உயரத்துக்கு நின்றது. முகம் இல்லை. அதைக் கடந்து கார் ஓட்டும்போதெல்லாம் கோர்பின் வேகத்தைக் கூட்டிக்கொள்வான்.

ஆறாவது தோல்விக்குப் பிறகு பிக்கெட் மறுபடி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். கிளப் சரியான பாதையில் போகிறது என்றார். எப்படி என்று கேட்டார்கள்.

"டேட்லாக் இதுவரைக்கும் ஒரு ஆட்டத்துலகூடத் தோக்கல. இந்த லீக்குல வேற எந்த கிளப்பு இதைச் சொல்ல முடியும்?"

எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆளுமா சிரிக்க மாட்டான்?

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து மகனைப் பார்க்க வந்தாள். ஸ்டேடியத்தின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் காவலாளி அவளை நிறுத்தி, கட்டிப்பிடிப்பதாக இருந்தால் இடது பக்கமாக வரச் சொன்னான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகனுடைய இடது பக்கம் போய் நின்று, தலையை மட்டும் தடவிவிட்டுப் போனாள். காரில் ஏறும்போது, இவர்கள் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னாள்.

உடைமாற்றும் அறையில் தன் அலமாரிக் கதவில், தன் பெயர்ப் பலகைக்குக் கீழே பழைய திருகாணித் துளைகள் இருந்ததை அவன் பார்த்திருந்தான். யாருடைய அலமாரி இது என்று டீக்கிடம் ஒரு நாள் கேட்டான். டீக் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். கட்டி முடித்தும் நிமிரவில்லை.

"பிராண்ட்னு ஒரு பையன். உன்னாட்டம்தான். தங்கமான பையன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"எங்கயோ குதிரை வளக்குறானாம். இடது கையால எழுதப் பழகிட்டான்னு சொன்னாங்க."

கோர்பின் அந்தத் துளைகளை விரலால் மூடிப் பார்த்தான்.

நவம்பரில் ஒன்பதாவது ஆட்டம். சொந்த மைதானம், பொடிப் பனி, எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கடைசிக் கால் பகுதி தொடங்கியதும் லோமாக்ஸின் மேல் இரண்டு பேர் ஒன்றாக வந்து விழுந்தார்கள். வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹாமர்ஸ் பத்துப் புள்ளி பின்னால் இருந்தது. எழுபதாயிரம் பேர் கோர்பினின் பெயரைக் கத்த ஆரம்பித்தார்கள். வேறு குவார்ட்டர்பேக் இல்லை. இவனுக்குக் கொடுத்த பணத்தில் மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ள கிளப்புக்குக் கட்டுப்படியாகவில்லை.

பயிற்சியாளரின் குரல் தலைக்கவசத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் வரும். மேலே கண்ணாடி அறையிலிருந்து பிக்கெட் சொல்வதை அவர் அப்படியே சொன்னார்.

"மண்டி போடு."

பந்தை வாங்கியதும் குவார்ட்டர்பேக் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிவிட்டால் அந்த முயற்சி முடிந்தது, யாரும் அவனைத் தொடக் கூடாது. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி நேரத்தைக் கடத்தச் செய்வது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி செய்து யாரும் பார்த்ததில்லை. கோர்பின் மண்டியிட்டான். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு வானம் இடிந்ததுபோல ஆர்ப்பரித்தது. எப்பேர்ப்பட்ட நிதானம் என்று வர்ணனையாளர் உருகினார். இரண்டாவது முறையும் மண்டியிட்டான். கண்ணீர் விட்டவர்கள்கூட உண்டு.

மூன்றாவது முறை. அந்த ஒலிபெருக்கிக்கு ஒரு விதி இருக்கிறது. பந்தை எடுக்கப் பதினைந்து வினாடி இருக்கும்போது லீக் அதைத் துண்டித்துவிடும். குரல் சட்டென்று நின்றது. நான்கு மாதத்தில் முதல்முறையாக யாரும் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை.

"என்ன மகாராஜா, மறுபடியும் முட்டியா?" என்றான் டீக், குனிந்தபடியே.

"எறியப் போறேன், அண்ணே."

"அட, அப்படி ஒண்ணு இருக்கா?" என்ற டீக்கின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. பந்தைக் கொடுத்துவிட்டு, வந்தவனை மார்போடு தூக்கிப் பின்னால் போட்டான்.

அதற்குப் பிறகு அன்று கோர்பின் தலைக்கவசக் குரலுக்குக் காது கொடுக்கவே இல்லை. மொத்தம் பதினோரு முறை எறிந்தான். ஆறு பந்துகளைப் பிடித்தார்கள். நான்கு தரையில் விழுந்தன. ஒன்றை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு ஓடினான். ஹாமர்ஸ் மூன்று புள்ளியில் தோற்றது. கோர்பின் சேறும் பனியுமாக, உதடு கிழிந்து, ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தான். யாரோடும் பேசாமல் ஒரு மூலைக்குப் போய் போனை எடுத்தான்.

"அம்மா, நான் சுமாரா ஆடுறேம்மா. சுமார்தான். நல்லாத் தெரிஞ்சிடுச்சு. கொஞ்சம் பழகினா இன்னும் நல்லா வரும்னு தோணுது."

"பாத்தேன்டா. சுமாரா ஆடினாப் போதும். சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

வாழ்க்கையில் இதைவிட நிம்மதியான நாள் அவனுக்கு இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை கமிட்டி கூடியது. மேஜைமேல் கையை வைக்கப் போனான். தேவையில்லை என்றார் நைல்ஸ். பிக்கெட்டின் முகத்தில் கோபம் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவரைப்போல, அவ்வளவு கனிவாக இருந்தார்.

"உன்மேல எனக்கு வருத்தமில்ல தம்பி. ஆனா என்ன காரியம் பண்ணிட்டேன்னு யோசிச்சுப் பாரு. சனிக்கிழமை வரைக்கும் நீ எவ்வளவு பெரியவன்னு யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. இன்னைக்கு டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும், நீ பதினொண்ணுக்கு ஆறு."

பழகினால் தேறிவிடும் என்றான் கோர்பின். தேறுவதற்கெல்லாம் அந்தத் தொகை இல்லை என்றார் பிக்கெட். அப்படியானால் என்னை விட்டுவிடுங்கள், வேறு கிளப்பில் குறைந்த சம்பளத்துக்கு ஆடிக்கொள்கிறேன் என்றான். நைல்ஸ் கோப்பைத் திறந்து, அலுத்துக்கொள்ளாமல் விளக்கினார். விட்டுவிட்டால் பேசிய தொகை முழுவதும் ஒரே வருடத்தில் கிளப்பின் தலையில் விழும். வைத்திருந்தால் வருடா வருடம் விழும். இந்தக் கையை ஒரு நல்ல கம்பெனியில் இன்ஷூர் செய்திருக்கிறது. ஆடமுடியாதபடி ஆகிவிட்டால் மட்டும் யார் தலையிலும் விழாது. பையனுக்கும் பணம் முழுசாகப் போய்ச் சேரும். இந்த இடத்தில் நைல்ஸ் அவனைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார்.

"ஆனா என் கை நல்லா இருக்கே," என்றான் கோர்பின்.

நைல்ஸ் கோப்பை மூடினார்.

செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை. ஆள் அரவமில்லாத கட்டடத்தில் டாக்டர் ஃபென்விக் அவன் தோளை அழுத்திப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். அருமையான தோள் என்று பெருமூச்சு விட்டார். பிறகு லீக்குக்கு அனுப்ப வேண்டிய காயப் படிவத்தை எடுத்து நிதானமாக எழுதி முடித்து, கையெழுத்துக்காக அவன் பக்கம் தள்ளினார். வலது தோள், மூட்டு விலகல், தசைநார் முழுக் கிழிசல், பயிற்சியின்போது, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து.

கோர்பின் இரண்டு முறை படித்தான்.

"டாக்டர், இன்னைக்கு செவ்வாய்தானே?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே. பொய்யா எழுதியிருக்கீங்களே?"

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருட அனுபவத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இந்த லீக்குல பொய் ரிப்போர்ட்டு அனுப்புற கிளப்புங்க இருக்கு. நாங்க அந்த ரகம் இல்ல. நாங்க எழுதுறது ஒவ்வொண்ணும் உண்மையா இருக்கும்," என்றார்.

கோர்பின் கையெழுத்துப் போடாமல் எழுந்தான். அது கட்டாயமில்லை என்று டாக்டர் பெருந்தன்மையோடு படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கிழவர் தேதியைத் தப்பாகப் போட்டிருப்பார், வேறு யாருடைய படிவமாகவோ இருக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே தேற்றிக்கொண்டான். பயிற்சிக்கு வராமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தான். வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியவன் ஆவான். வேறு எந்த கிளப்பும் அவனைத் தொடக்கூடாது, ஆயுளுக்கும் பந்தை எறிய முடியாது. கூடவே பயிற்சியாளரிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது. நாளைக்கு நிஜப் பந்து, எத்தனை வேண்டுமானாலும் எறியலாம். அதைப் படித்ததும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தப் பயல் சந்தோஷப்பட்டான்.

புதன்கிழமை அலமாரியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மைதான ஓரத்தில் பிக்கெட், நைல்ஸ், டாக்டர், ஒரு காமிராக்காரன், ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தே இருந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டோனட் எங்கேடா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

முதல் பத்துப் பந்துகளை எறிந்தான். எட்டு கைக்குப் போயின. உடம்பு சூடாகி, தோள் இளகி, பந்து விரல் நுனியிலிருந்து தானாகவே கிளம்பிப் போனது. சுமாரைவிட ஒரு படி மேலே போய்விடலாம் என்று அந்த நேரத்தில் அவன் உண்மையிலேயே நம்பினான். யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி பதினொன்று பத்து.

டீக் குனிந்தான். அவன் முதுகு அன்று குலுங்கவில்லை.

"கோர்பின்," என்றான் திரும்பாமல். நான்கு மாதத்தில் அவன் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "சீக்கிரம் எறிஞ்சிடுடா."

பந்து வந்தது. டீக் எழுந்து, இடது பக்கம் ஓரடி நகர்ந்து, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவன் நின்றிருந்த இடத்தின் வழியாக மூன்று பேர் வந்தார்கள். கோர்பின் அவர்களைப் பார்த்தான், பார்த்தபின் பார்வையைத் தூக்கிக்கொண்டான். வெகுதூரத்தில் டெர்ரல், அணியிலேயே வேகமாக ஓடுபவன், வலது ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பத்தடி தள்ளி ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே எறிந்தான். தன் ஆயுளில் அப்படி ஒன்று கையை விட்டுப் போனதில்லை என்று பந்து கிளம்பும்போதே தெரிந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. வலது பக்கம் முழுவதும் கட்டு. சுவரில் தொலைக்காட்சி. பிக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தம்பி எவ்வளவு உயரத்துக்குப் போயிருப்பான் என்று இனி உலகத்தில் யாருக்குமே தெரியாது என்றார். அவர் குரலில் பழைய வழுவழுப்பு திரும்பி வந்திருந்தது. நைல்ஸ் அவருக்குப் பின்னால் கோப்போடு நின்றார்.

டீக் வந்தான். நாற்காலி அவனுக்குப் போதவில்லை, நின்றுகொண்டே இருந்தான். கட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். தனக்கும் இன்னும் ஒரு வருட ஒப்பந்தம்தான் பாக்கி இருக்கிறது என்று முணுமுணுத்தான். கோர்பின் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணே, டெர்ரல் பிடிச்சானா?"

டீக் விழித்தான்.

"அந்தக் கடைசிப் பந்து. பிடிச்சானா, விட்டுட்டானா?"

"நான் உன்னத்தாண்டா பாத்துக்கிட்டிருந்தேன்."

"காமிரால இருக்கும்ல?"

"காமிராக்காரன் உன் தோளத்தான் எடுத்தான். ஆதாரத்துக்கு."

"அப்ப டெர்ரலையே கேட்டுச் சொல்லுண்ணே."

டீக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டேன். அவனும் ஓட்டத்தை நிறுத்திட்டு, திரும்பி உன்னத்தான் பாத்தானாம். பந்து எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியலடா," என்றான்.